காபித் தோட்டம் காடாகத் தெரிவது ஏன்?

வாசகர் கேள்வி – பதில்

சேர்வராயன் மலையிலும் சேலம் சுற்றுவட்டாரத்திலும் இயற்கைத் தாவரங்களைச் செயற்கைக்கோள் படம் கொண்டு வரைபடமாக்குவது பற்றிச் சில மாதங்களாக வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை இணைத்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயருக்குப் பதில் ஊர் மட்டும் தரப்படுகிறது.

எங்களுக்கு ஏற்காட்டில் 12 ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. இணையத்தில் ஒரு காட்டுப்பரப்பு வரைபடத்தைப் பார்த்தேன். தோட்டம் முழுவதும் கரும்பச்சையில் ‘காடு’ என்று காட்டுகிறது. பட்டா நிலம் எப்படிக் காடாகும்? நாளைக்கு ஏதாவது வில்லங்கம் வருமா?
– தோட்ட உரிமையாளர், ஏற்காடு

அந்த வரைபடம் உங்கள் பட்டாவைப் பார்க்கவில்லை. மரங்களின் உச்சந்தலையை மட்டும் பார்த்திருக்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் 1987 முதல் வெளியிட்டுவரும் காட்டுநிலை அறிக்கையில் காட்டுப்பரப்பு என்பதற்கு ஒரு வரையறை உண்டு. நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறையக் கூடாது. அதில் மரக்கவிகை, அதாவது மேலிருந்து பார்த்தால் மரத்தலைகள் மூடியிருக்கும் பரப்பு, 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அவ்வளவுதான். நிலம் யாருடையது, கீழே என்ன பயிர், மரம் தானாக வளர்ந்ததா, வைத்து வளர்த்ததா என்றெல்லாம் அந்த வரையறை கேட்பதில்லை. கவிகை 70 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் மிக அடர்காடு, 40 முதல் 70 வரை நடுத்தர அடர்காடு, 10 முதல் 40 வரை திறந்த காடு. அதற்கும் கீழே போனால் புதர்க்காடு என்று தனியாக எழுதுவார்கள்.

உங்கள் 12 ஏக்கர் என்பது 4.86 ஹெக்டேர். சில்வர் ஓக்கும் பலாவும் தலைக்கு மேல் கவிந்திருந்தால் அது காடு என்றே கணக்கில் ஏறும். மாந்தோப்புக்கும் இதே கதைதான். நிலத்தின் சட்டத் தகுதியை வருவாய்த்துறை, வனத்துறைப் பதிவேடுகளில்தான் பார்க்க வேண்டும். படத்தின் நிறம் அதைச் சொல்லாது.

தோட்டத்தையும் இயற்கைக் காட்டையும் படத்தில் பிரிக்க முடியுமா என்பதுதான் சுவையான கேள்வி. காபிச் செடி ஆள் உயரத்துக்குள் நிழலில் நிற்கிறது. மேலிருந்து பார்க்கும் கருவிக்கு அது தெரியாது, நிழல் மரம்தான் தெரியும். மலையின் நடுமட்டத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. அங்கே இயற்கைக் காடு மார்ச்சில் இலையை உதிர்த்துவிடும், சில்வர் ஓக் பசுமையாகவே நிற்கும். கோடைப் படத்தில் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். 1,200 மீட்டருக்கு மேலே போனால் இந்த வழி கைவிட்டுவிடும். சோலை எனப்படும் பசுமைமாறாக் காட்டின் மரங்களும் இலை உதிர்ப்பதில்லை, நிழல் மரங்களும் உதிர்ப்பதில்லை.

அந்த உயரத்தில் கணினியை நம்ப வேண்டாம் என்பது எங்கள் கருத்து. உயர்தெளிவுப் படத்தைப் பின்னணியில் வைத்து, தோட்டங்களின் எல்லையைக் கையாலேயே வரைந்துகொள்ளுங்கள். வரிசை பிடித்து நிற்கும் மரங்கள், வளைந்து வளைந்து போகும் தோட்டப் பாதைகள், காபி உலர்த்தும் களம், குடியிருப்பு வரிசை ஆகிய நான்கும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். இரண்டு நாள் வேலைதான். இரண்டு மாதம் வகைப்பாட்டு முறையோடு மல்லுக்கட்டினாலும் அந்தத் துல்லியம் வராது.

முதுகலைத் திட்டப்பணிக்காகச் சேர்வராயன் மலையின் இயற்கைத் தாவர வரைபடம் தயாரிக்கிறேன். எந்தச் செயற்கைக்கோள் படம், எந்த மாதத்துப் படம் எடுக்க வேண்டும்? படிப்படியாகச் சொல்ல முடியுமா?
– மாணவி, அயோத்தியாப்பட்டணம்

எந்த மென்பொருள் என்று கேட்காமல் எந்த மாதம் என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கே ஒரு சபாஷ். வேலையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

சேர்வராயனில் தாவரம் உயரத்துக்கு ஏற்ப மாறுகிறது. அடிவாரத்தில் உசிலை, வெள்வேலம், சதுரக்கள்ளி நிற்கும் முட்புதர்க்காடு. அதற்கு மேலே வெக்காலி, வேங்கை, சந்தனம், மூங்கில் என வறண்ட இலையுதிர்காடு. உச்சியில் பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பசுமைமாறாத் துண்டுகள். சேர்வராயன் கோயில் மேட்டில் புல்வெளி. மழை முடிந்த கையோடு எடுத்த ஒரே படத்தை வைத்துக்கொண்டால் இவற்றில் பாதி ஒரே பச்சையாகக் கலந்துவிடும். ஆகவே ஒரே பருவ ஆண்டுக்குள் இரண்டு படங்கள் எடுங்கள். முதலாவது டிசம்பர் கடைசி வாரம் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து இலைகள் இன்னும் இருக்கும் சமயம். இரண்டாவது மார்ச் 10 முதல் ஏப்ரல் முதல் வாரம் வரை, கோடை மழை விழுவதற்கு முன். அதைத் தாண்டினால் சிக்கல். புங்கன் போன்ற சில மரங்கள் மழைக்குக் காத்திராமலே துளிர்த்துவிடும்.

படத்துக்கு ஐரோப்பாவின் சென்டினல்-2 போதும், இலவசம். முதல் செயற்கைக்கோள் 2015-லும் இரண்டாவது 2017-லும் ஏவப்பட்டன. இரண்டும் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கும் வகையில் அமைந்தவை. கோப்பர்நிக்கஸ் டேட்டா ஸ்பேஸ் தளத்தில் பதிவு செய்து, வளிமண்டலத் திருத்தம் செய்த ‘எல்2ஏ’ வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு படமும் 110 கிலோமீட்டர் சதுரம். நம் நாட்டு ரிசோர்ஸ்சாட்டின் லிஸ்-4 படம் 5.8 மீட்டர் தெளிவு கொண்டது, கண்ணுக்கு இன்னும் கூர்மையாகத் தெரியும். ஆனால் அதில் பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு என மூன்றே பட்டைகள், அதாவது தனித்தனியாகப் பதிவாகும் ஒளி வகைகள். உலர்ந்த இலையையும் ஈர இலையையும் பிரிக்க உதவும் குறுஅலை அகச்சிவப்பு அதில் இல்லை. இந்த வேலைக்குப் பட்டைகள்தான் முக்கியம், கூர்மை அடுத்தபடி.

சென்டினலில் 2, 3, 4, 8 ஆகிய பட்டைகள் 10 மீட்டர். 5, 6, 7, 8ஏ, 11, 12 ஆகியவை 20 மீட்டர். 60 மீட்டர் பட்டைகளை ஒதுக்கிவிடுங்கள். 20 மீட்டர் பட்டைகளை 10 மீட்டருக்கு மாற்றி எல்லாவற்றையும் ஒரே அடுக்காக அடுக்குங்கள். மாற்றினால் புதிய விவரம் எதுவும் சேராது, படத்தின் கட்டங்கள் (பிக்சல்கள்) ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும் என்பது மட்டும்தான் ஆதாயம். ஒரு கட்டம் 100 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை சென்ட். ஒரு ஏக்கருக்கு 40 கட்டங்கள் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் வரும் படங்களில் ஒவ்வொரு கட்டத்தின் எண்ணிலும் 1,000 கூட்டப்பட்டிருக்கும். 1,000-ஐக் கழித்துவிட்டு 10,000-ஆல் வகுத்தால்தான் உண்மையான பிரதிபலிப்பு கிடைக்கும். கழிக்க மறந்தால் என்ன ஆகும்? நல்ல காட்டில் சிவப்பு 0.04, அண்மை அகச்சிவப்பு 0.30 என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது என்.டி.வி.ஐ, அதாவது பசுமைக் குறியீடு. இங்கே அது 0.76. கழிக்காவிட்டால் சிவப்பு 0.14 ஆகவும் அகச்சிவப்பு 0.40 ஆகவும் நிற்கும், குறியீடு 0.48-க்கு இறங்கிவிடும். 2020 படத்தையும் 2023 படத்தையும் ஒப்பிட்டு ‘காடு அழிந்துவிட்டது’ என்று எழுதுவதற்கு இந்த ஒரு பிழை போதும். பழைய படங்களையும் புதிய முறையில் மறுபடி தயாரித்து ஏற்றியிருக்கிறார்கள். அதனால் எடுத்த தேதியை நம்பாமல் கோப்பின் பெயரைப் பாருங்கள். ‘என்’ என்ற ஆங்கில எழுத்தை அடுத்து வரும் நான்கு இலக்கம் 0400 அல்லது அதற்கு மேல் என்றால் கழிக்க வேண்டும்.

அடுத்து இரண்டு படங்களின் பட்டைகள், இரண்டின் பசுமைக் குறியீடு, அவற்றின் வேறுபாடு, உயரம், சரிவு எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் சேருங்கள். குளிர்காலக் குறியீட்டிலிருந்து கோடைக் குறியீட்டைக் கழித்து வரும் அந்த வேறுபாடுதான் இந்த மலைக்கு மிகப் பயன்படும் அடுக்கு. இலையுதிர்காட்டில் அது பெரிதாக இருக்கும். சோலையிலும் தோட்டத்திலும் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும். முட்புதரில் இரண்டு பருவத்திலும் குறியீடு தாழ்வாக இருப்பதால் வேறுபாடும் சிறிதாகவே வரும். உயரத்துக்கு 30 மீட்டர் கோப்பர்நிக்கஸ் உயர மாதிரி போதும். அது மர உச்சியையும் சேர்த்து அளந்தது என்பதால் காட்டின் விளிம்பில் பொய்யான சரிவு காட்டும். அதைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம்.

கணினி பிரித்துக்காட்ட வேண்டிய வகைகள் ஏழுக்கு மேல் வேண்டாம். சாம்பியன், சேத் இருவரும் 1968-இல் தந்த இந்தியக் காட்டு வகைப்பாட்டில் 16 பெரும் தொகுதிகளும் அவற்றுக்குள் ஏராளமான உட்பிரிவுகளும் உண்டு. உட்பிரிவு வரை படத்தில் இறங்கப் பார்த்தால் எல்லாமே தப்பாகும். ஒவ்வொரு வகையையும் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிக்காகக் குறைந்தது 50 இடங்கள் எடுங்கள். ஒவ்வொரு இடமும் 30 மீட்டர் சதுரத்துக்காவது ஒரே மாதிரியான தாவரமாக இருக்க வேண்டும். மரத்தடியில் கைபேசியின் இடங்காட்டி 5 முதல் 10 மீட்டர் வரை தவறும். சதுரம் அதைவிடச் சிறிதானால் பக்கத்துக் கட்டத்தைத்தான் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பீர்கள்.

இடங்களைத் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு ஆபத்து, எல்லாவற்றையும் சாலையோரத்திலேயே எடுத்துவிடுவது. கொண்டை ஊசி வளைவுச் சாலையிலும் குப்பனூர் பாதையிலும் வண்டியை நிறுத்தி நிறுத்தி எடுத்தால், தோட்டத்தையும் சாலையோர மரத்தையும்தான் கணினி கற்றுக்கொள்ளும். உள்சரிவுகளை அது பார்த்ததே இல்லை என்றாகிவிடும்.

கியூ-ஜிஐஎஸ் மென்பொருளில் வகைப்பாட்டுக்கான செருகுநிரல் உண்டு, கூகுள் எர்த் எஞ்சினிலும் செய்யலாம். முறை ‘ரேண்டம் ஃபாரஸ்ட்’ ஆக இருக்கட்டும். பல ‘முடிவு மரங்கள்’ வாக்களித்து வகையைத் தீர்மானிக்கும் கணினி முறை அது. அந்த மரங்களின் எண்ணிக்கை 300 போதும், கூட்டிக்கொண்டே போனால் நேரம்தான் செலவாகும். எர்த் எஞ்சினில் ஆண்டு முழுவதும் உள்ள படங்களை ஒன்றாக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் நடு மதிப்பை மட்டும் வைக்கும் ‘இடைநிலைப் படம்’ எடுக்கச் சொல்லும் பாடங்கள் நிறைய உள்ளன. மேகம் போகும் என்பது உண்மைதான். ஆனால் ஜனவரியும் ஏப்ரலும் ஒன்றாகக் கரைந்து, நாம் தேடிய பருவ வேறுபாடும் கூடவே போய்விடும். இரண்டு பருவ இடைவெளிகளுக்கும் தனித்தனியாக எடுங்கள்.

கடைசியில் வரும் வரைபடம் எள் தெளித்தது போல இருக்கும். 25 கட்டத்துக்கும் குறைவான, அதாவது கால் ஹெக்டேருக்கும் சிறிய துண்டுகளைச் சுற்றியுள்ள வகையோடு சேர்த்துவிடுங்கள். சோலை வகைக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். சேர்வராயனில் சோலை மிஞ்சியிருப்பதே சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான்.

மாவட்டம் முழுவதற்கும் படம் இறக்கினேன். மேட்டூர்ப் பக்கத்துப் படமும் சேலம் பக்கத்துப் படமும் ஒட்டவே இல்லை. ஒன்று எங்கோ தள்ளிப் போய் நிற்கிறது.
– பள்ளி ஆசிரியர், ஓமலூர்

படத்தில் கோளாறு இல்லை, நம் மாவட்டம் இருக்கும் இடம் அப்படி. உலகை 6 டிகிரி அகலப் பட்டைகளாகப் பிரிக்கும் யு.டி.எம் முறையில் 43-ஆம் மண்டலம் கிழக்குத் தீர்க்கரேகை 78 டிகிரியில் முடிகிறது, 44-ஆம் மண்டலம் அங்கே தொடங்குகிறது. அந்தக் கோடு தாரமங்கலத்துக்கும் உங்கள் ஊருக்கும் இடையில் ஓடுகிறது. மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி மேற்கே 43-இல். சேலம், ஏற்காடு, ஆத்தூர் கிழக்கே 44-இல்.

ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். சேர்வராயன் முழுவதும் 44-இல் இருப்பதால் அந்த மண்டலத்துக்கான குறியெண் இ.பி.எஸ்.ஜி 32644 நல்லது. மாற்றும்போது வகைப்பாடு செய்த படத்துக்கு ‘மிக அருகிலுள்ள கட்டம்’ முறையையே பயன்படுத்துங்கள். மற்ற முறைகள் எண்களைச் சராசரியாக்கும். முட்புதர் 2, பாறை 6 என்றால் இரண்டும் சேரும் விளிம்பில் 4 என்று இல்லாத வகை முளைத்துவிடும்.

டிசம்பர் படத்தில் மலையின் வடமேற்குச் சரிவு கறுப்பாக இருக்கிறது. வகைப்பாட்டில் அந்தப் பக்கம் முழுக்கச் சோலை என்று வருகிறது. நேரில் போனால் காய்ந்த இலையுதிர்காடு.
– ஆய்வு மாணவர், சேலம்

நிழல்தான். சென்டினல் நம் ஊரைக் காலை பத்தே முக்கால் அளவில் கடக்கிறது. டிசம்பரில் அந்நேரம் சூரியன் தென்கிழக்கில் சாய்ந்து நிற்கும், வடமேற்குச் சரிவில் வெளிச்சம் விழாது. சோலையும் இருட்டு, நிழலும் இருட்டு. கணினிக்கு இரண்டும் ஒன்றே.

சூரியன் சேலத்தின் தலைக்கு நேரே வருவது ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 20 வாக்கிலும். அந்த நாட்களை ஒட்டி நிழல் மிகக் குறைவு. ஆகஸ்டில் மேகம் விடாது என்பதால் கோடைப் படத்தையே இந்தச் சரிவுக்குச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி இடங்களை வெயில் சரிவிலும் நிழல் சரிவிலும் சரிபாதியாக எடுங்கள், சரிவு பார்க்கும் திசையையும் ஓர் அடுக்காகச் சேருங்கள். இந்த இரண்டிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும்.

சரிவால் வரும் வெளிச்ச வேறுபாட்டைச் சமன்செய்யும் சரிவுத் திருத்தம் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எல்2ஏ படத்தில் அது ஏற்கெனவே ஓரளவு செய்யப்பட்டிருக்கும். அதன் மேல் இன்னொன்றைப் போட்டால் கறுத்த சரிவு வெளிறிப் போகும். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படம் என்றால் செய்ய வேண்டியதுதான். அதற்கு எளிய கொசைன் முறை வேண்டாம், வெளிச்சம் குறைந்த இடத்தை அது மிகையாகப் பிரகாசமாக்கும். ‘சி’ திருத்த முறையை ஒவ்வொரு பட்டைக்கும் தனியாக, தாவரப் பகுதிகளிலிருந்து மட்டும் கணக்கிட்டுப் பயன்படுத்துங்கள்.

வானம் சுத்தமாக இருந்த நாளில் எடுத்த படத்திலும் சேலத்துக்கு வடக்கே மேகம் என்று சில இடங்கள் விழுந்துவிடுகின்றனவே?
– மாமாங்கம் வாசகர்

உங்கள் ஊரைச் சுற்றியுள்ள வெள்ளைக்கல்தான் காரணம். மேக்னசைட் சுரங்கக் குவியல்கள் மேகம் அளவுக்கு வெளுப்பாக இருப்பதால் மேகம் கண்டறியும் நிரல் ஏமாந்துவிடுகிறது. மாவட்டத்தின் மற்ற இடங்களில் ஜவ்வரிசி காயப்போடும் களங்களும் இதே வேலையைச் செய்யும். மேகம் நகரும், குவியல் நகராது. ஐந்தாறு தேதிகளின் மேக அடுக்கை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, எல்லாத் தேதியிலும் விழும் இடத்தை மேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

அடிவாரத்தில் ஒவ்வொரு கோடையிலும் தீப்பிடிக்கிறது. எத்தனை ஏக்கர் எரிந்தது என்று படத்தில் அளக்க முடியுமா? செயற்கைக்கோள் தீ எச்சரிக்கையில் வரும் புள்ளிகளைக் கூட்டினால் போதுமா?
– டேனிஷ்பேட்டை வாசகர்

புள்ளிகளைக் கூட்டாதீர்கள். தீ எச்சரிக்கை தரும் வி.ஐ.ஐ.ஆர்.எஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் ஒரு புள்ளி 375 மீட்டர் சதுரத்தைக் குறிக்கிறது, அதாவது 14 ஹெக்டேர், 35 ஏக்கருக்கு நெருக்கம். அந்தச் சதுரத்துக்குள் எங்கோ தீ எரிந்தது என்பதுதான் செய்தி. முழுவதும் எரிந்தது என்று பொருளல்ல. செயற்கைக்கோள் கடக்காத நேரத்தில் பற்றி அணைந்த தீ கணக்கிலேயே வராது.

எரிந்த பரப்புக்குச் சென்டினலின் 8-ஆம் (அண்மை அகச்சிவப்பு), 12-ஆம் (குறுஅலை அகச்சிவப்பு) பட்டைகளை எடுங்கள். வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் எரிவுக் குறியீடு. தீக்கு முந்தைய குறியீட்டிலிருந்து பிந்தையதைக் கழியுங்கள். எரிந்த இடத்தில் பெரிய எண் வரும். பிந்தைய படம் தீ அணைந்து பத்து நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். நம் காட்டில் பெரும்பாலும் தரையில் கிடக்கும் சருகும் புல்லும்தான் எரியும், மரம் நிற்கும். காற்றடித்துச் சாம்பல் பறந்து, ஒரு கோடை மழையும் பெய்துவிட்டால் தடயம் மங்கிவிடும்.

இன்னொரு தொல்லை, மார்ச்சில் இலை உதிர்ந்தாலும் இதே குறியீடு இறங்கும். இரண்டையும் பிரிக்கத் தனிப் பட்டைகளைப் பாருங்கள். இலை உதிர்ந்த காட்டில் மண்ணும் சருகும் வெளியே தெரிவதால் சிவப்புப் பட்டை முன்னைவிடப் பிரகாசமாகும். எரிந்த இடத்தில் சிவப்பும் அண்மை அகச்சிவப்பும் இரண்டுமே கறுக்கும். முந்தைய படத்தையும் ஜனவரியில் எடுக்காமல், தீக்கு ஒரு வாரம் முன்பு எடுத்ததாக வைத்துக்கொண்டால் இலையுதிர்வின் பங்கு சுருங்கிவிடும். நூல்களில் உள்ள 0.27, 0.44, 0.66 என்ற தீவிர அளவுகள் அமெரிக்கக் காடுகளை வைத்து வகுத்தவை. அந்த எண்களை வைத்து ‘கடும் எரிவு’ என்று இங்கே எழுத வேண்டாம். எரிந்தது என்று நேரில் தெரிந்த 20, 30 இடங்களில் என்ன எண் வருகிறது என்று பார்த்து உங்கள் எல்லையை நீங்களே வகுங்கள்.

ஏரியில் சீமைக்கருவேலம் எவ்வளவு இருக்கிறது என்று படம் பார்த்துச் சொல்ல முடியுமா?
– பனமரத்துப்பட்டி வாசகர்

முடியும், மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இது எளிது. ஏரிப் படுகை காய்ந்து கிடக்கும் ஏப்ரல், மே மாதப் படத்தில், ஏரி எல்லைக்குள் பச்சையாக இருப்பதில் பெரும்பங்கு சீமைக்கருவேலமாகத்தான் இருக்கும். எல்லையை முதலில் வெட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கரையோரத் தென்னந்தோப்பும் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் நிற்கும் ஏரியில் ஆகாயத்தாமரையும் பச்சையாகத் தெரியும். அதன் அடியில் நீர் இருப்பதால் 11-ஆம் பட்டை (குறுஅலை அகச்சிவப்பு) தாழ்ந்திருக்கும், இரண்டு மாத இடைவெளியில் இடமும் மாறும். கருவேலம் நின்ற இடத்தில் நிற்கும். தனி மரத்தைத் தேடாதீர்கள். இரண்டரை சென்ட் கட்டத்தில் நாலைந்து மீட்டர் தலை கரைந்துபோகும், புதராக அடர்ந்த இடம்தான் கிடைக்கும்.

ஆர்க்கிட் எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள் காட்டுமா? உண்ணிச்செடி பரவலைக் காட்டுமா?
– ஏற்காடு வாசகி

ஆர்க்கிட்டைக் காட்டாது. கிளையில் ஒட்டி வளரும் ஒரு சாண் செடியை 10 மீட்டர் கட்டத்தில் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதைவிட மோசம். வாழிடம் வேறு, தாவர வகை வேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பசுமைமாறாக் கவிகை, 1,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரம், ஓடையிலிருந்து தூரம், வெயில் படாத சரிவு என நாலைந்து அடுக்குகளைச் சேர்த்தால் எங்கே போய்த் தேடலாம் என்று ஒரு வரைபடம் கிடைக்கும். தேடுவதற்கான பட்டியல் அது. இருப்புக் கணக்காக அச்சிட்டுவிடக் கூடாது.

உண்ணிச்செடி திறந்த இடத்திலும் சாலையோரத்திலும் ஓரளவு பிடிபடும். மரத்தடியில் இருப்பது, மேலே இலை உள்ளவரை தெரியாது. இலையுதிர்காட்டில் மார்ச்சில் மேல் இலை உதிர்ந்ததும் கீழே எஞ்சும் பச்சை ஒரு துப்பு. அதில் உண்ணி எவ்வளவு, மற்றச் செடி எவ்வளவு என்பதைக் காலால் நடந்துதான் பிரிக்க வேண்டும்.

எங்கள் வரைபடத்துக்கு 96 சதவீதம் துல்லியம் வந்தது. தேர்வாளர் நம்பவில்லை. என்ன தவறு?
– கல்லூரி விரிவுரையாளர், ஆத்தூர்

பயிற்சிக்கு வரைந்த பலகோணங்களுக்குள்ளேயே சில கட்டங்களைச் சோதனைக்கு ஒதுக்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறோம். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒன்றுபோலத்தான் இருக்கும். பாடம் நடத்திய கணக்கையே தேர்வில் கேட்டது போல ஆகிவிடும். சோதனை இடங்களை முடிந்த வரைபடத்தின் மேல், ஒவ்வொரு வகைக்கும் 50 வீதம், குலுக்கல் முறையில் எடுங்கள். தேர்வான இடம் போக முடியாத பள்ளமாக இருந்தால் வசதியான இடத்துக்கு நகர்த்தாமல், உயர்தெளிவுப் படத்தில் பார்த்து எழுதுங்கள்.

பரப்பையும் திருத்த வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு கணக்குக்கு இரண்டே வகை என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் முட்புதர் 4,000 ஹெக்டேர், இலையுதிர்காடு 6,000 ஹெக்டேர். முட்புதர் என்று காட்டிய 50 இடங்களில் 40 சரி, 10 உண்மையில் இலையுதிர்காடு. இலையுதிர்காடு என்று காட்டிய 60-இல் 57 சரி, 3 முட்புதர். அப்படியானால் முட்புதரின் திருத்திய பரப்பு 4,000-இல் 80 சதவீதமும் 6,000-இல் 5 சதவீதமும் சேர்ந்தது. 3,200 கூட்டல் 300, மொத்தம் 3,500 ஹெக்டேர். வரைபடத்தில் எண்ணிய 4,000 அல்ல. கட்டுரையில் எழுத வேண்டியது இந்த 3,500-ஐயும் அதன் பிழை எல்லையையும்தான்.

1980-களில் இருந்த காட்டை இப்போதைய காட்டோடு ஒப்பிட வேண்டும். படம் கிடைக்குமா? களத்துக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?
– வாழப்பாடி வாசகர்

லேண்ட்சாட்-5 1984-இல் ஏவப்பட்டு 2013 வரை இயங்கியது. 30 மீட்டர் தெளிவு, ஒரு கட்டம் 22 சென்ட். இலவசம்தான், ஆனால் நாம் விரும்பும் மாதத்துக்கு எல்லா ஆண்டும் படம் இருக்காது. லேண்ட்சாட்-7 படங்களில் 2003 மே 31-க்குப் பிறகு கருவிக் கோளாறால் கோடு கோடாக இடைவெளி விழும். ஆண்டு முக்கியமில்லை, பருவம் ஒத்துப்போவது முக்கியம். 1988 ஜனவரியோடு 2024 ஏப்ரலை வைத்தால் இலையுதிர்வு முழுவதும் காடழிப்பாகத் தெரியும். மழை பொய்த்த ஆண்டையும் தவிருங்கள். 10 மீட்டர் வரைபடத்தையும் 30 மீட்டர் வரைபடத்தையும் நேருக்கு நேர் கழிக்காமல், இரண்டு காலத்துக்கும் லேண்ட்சாட்டையே பயன்படுத்துங்கள்.

களத்துக்குக் கியூ-ஃபீல்ட் செயலி ஏற்றிய கைபேசி, கூடுதல் மின்கலம், ஒவ்வோர் இடத்திலும் நான்கு திசைக்கும் ஒரு படம், தலைக்கு மேலே ஒரு படம். மேலே எடுத்த படம்தான் பின்னால் கவிகைச் சதவீதத்தை மதிப்பிட உதவும். மரப்பெயரை உள்ளூர்ப் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள், தாவரவியல் பெயரை வீட்டுக்கு வந்து சேர்க்கலாம். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி கட்டாயம், 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச்சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. ட்ரோன் பறக்கவிடுவதாக இருந்தால் அதையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். மார்ச் படத்துக்குக் களப்பணி என்றால் ஜனவரியிலேயே விண்ணப்பியுங்கள், ஏனென்றால் தீக்காலம் தொடங்கிய பிறகு உள்ளே விடுவது அரிது.